லேப்டாப் சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரி வாங்கும் முன் இந்தக் கடையில் காட்டுங்கள்

சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் சர்வீஸ் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பழுது என்னவென்று பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுகிற கடை குறைவு, அதனால்தான் இந்தக் கடைக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தங்கையின் லேப்டாப், வாங்கி மூன்று வருஷம் இருக்கும். சார்ஜரை மாட்டினால் ஓடும், ஆனால் திரையில் 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று காட்டிக்கொண்டு 7 சதவீதத்திலேயே நிற்கும். வயரைப் பிடுங்கினால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல் பேட்டரி போச்சு, இல்லாவிட்டால் மதர்போர்டில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஐசி (சிப்) போச்சு, எப்படியும் பெரிய செலவு என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கே டெக்னீஷியன் அண்ணன் கேட்ட முதல் கேள்வியே "சார்ஜர் கொண்டாந்தீங்களா?" என்பதுதான். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார், 19.5 வோல்ட் சரியாகவே வந்தது. "வோல்டேஜ் வருதுங்கிறதுக்காக சார்ஜர் நல்லாருக்குன்னு சொல்லிட முடியாது சார்" என்று சொல்லி, சார்ஜர் முனையின் நடுவில் ஊசி மாதிரி இருக்கும் மெல்லிய பின்னைக் காட்டினார். சில கம்பெனி சார்ஜர்களில் அந்தப் பின் வழியாகத்தான் இது எத்தனை வாட் சார்ஜர் என்ற தகவல் லேப்டாப்புக்குப் போகிறதாம். அது போகவில்லையென்றால் லேப்டாப் சார்ஜரை நம்பாது, ஓடுவதற்கு மட்டும் கரண்ட் எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு ஏற்றாமல் விட்டுவிடும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். லேப்டாப் கொஞ்ச நாளாக ஏன் இப்படி இழுக்கிறது என்று தங்கை புலம்பிக்கொண்டிருந்ததற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங் திரை) போய்ப் பார்த்தால் அடாப்டர் வகை தெரியவில்லை என்றே போட்டிருந்தது.

அப்புறம் அதே 65 வாட்டில் தன்னிடமிருந்த வேறு சார்ஜரை மாட்டினார். உடனே சார்ஜ் ஏற ஆரம்பித்தது. பழையதை மறுபடி மாட்டி, முனைக்குப் பக்கத்தில் வயரை மெதுவாக வளைத்துக் காட்டினார்: ஒரு கோணத்தில் ஏறுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. உள்ளே அந்தத் தகவல் போகும் மெல்லிய கம்பி அறுந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

அதோடு விடவில்லை. லேப்டாப்பைக் கண்ணாடி மேசையில் வைத்து நாலு மூலையிலும் அழுத்தி, ஆடுகிறதா, டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா என்று பார்த்தார், பேட்டரி உப்பியிருந்தால் அதில் தெரிந்துவிடும். கமாண்ட் விண்டோவில் 'பவர்சிஎஃப்ஜி' கட்டளை கொடுத்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்தார். பேட்டரியின் கொள்ளளவு புதிதில் 42,000 மில்லிவாட் மணி, இப்போது முழுசாக ஏறினால் 33,000. "இன்னும் நல்லா ஓடும், இப்ப மாத்தாதீங்க" என்றார். பேட்டரி விற்கிற கடைக்காரரே இப்படிச் சொன்னது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

ஒரிஜினல் சார்ஜருக்கு மட்டும்தான் பணம் வாங்கினார்கள், பில்லோடு. டூப்ளிகேட் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் எத்தனை வாட் என்ற தகவலைச் சொல்லும் சிப் சரியாக இல்லாத டூப்ளிகேட்டை மாட்டினால் அதே தொல்லை திரும்ப வரும் என்று அவர்களே எச்சரித்தார்கள்.

குறை என்றால் கூட்டம். சாயங்காலம் போனால் நிற்கவே இடமில்லை, டோக்கனும் கிடையாது, சத்தமாகக் கேட்பவருக்குத்தான் முதலில் பதில் கிடைக்கிறது. மாடிப்படி குறுகல், வயதானவர்களை அனுப்பாதீர்கள். காலையில் கடை திறந்ததும் போவது நல்லது.

போகும் முன் வீட்டில் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். 60 அல்லது 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கிறதென்றால் அது பழுதாக இல்லாமல் இருக்கலாம், லெனோவோ, ஆசுஸ் மாதிரி லேப்டாப்களில் பேட்டரி ஆயுளுக்காக அந்த வரம்பை வைக்கும் செட்டிங் இருக்கிறது. டைப் சி போர்ட்டில் போன் சார்ஜரை மாட்டிவிட்டு ஏறவில்லை என்றாலும் லேப்டாப்பைக் குறை சொல்ல முடியாது, அதற்கு அந்த வாட் பெரும்பாலும் போதாது. இது எதுவும் இல்லையென்றால் லேப்டாப்போடு சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், சார்ஜர் இல்லாமல் வந்தவரை என் கண்முன்னாலேயே திருப்பி அனுப்பினார்கள்.