ஏஎஸ்/400-உடன் பிரிண்டர்கள்: 15 வருட அனுபவம்

எங்கள் கிடங்கில் இரவு வண்டி கிளம்ப வேண்டுமென்றால் டெலிவரி நோட் டிரைவர் கையில் இருக்க வேண்டும். அந்தத் தாளை பிரிண்டருக்கு அனுப்புவது ஏஎஸ்/400, நிறுவனங்களுக்காக ஐபிஎம் செய்த கணினி. அந்தப் பெயர் 1988-இல் வந்தது. 2008-லிருந்து அதன் இயங்குதளத்தின் பெயர் ஐபிஎம் ஐ. எங்கள் ஆபீசில் பழைய பெயர்தான் புழங்குகிறது. 15 வருடமாக அதில் பிரிண்டர் சேர்ப்பதும் கவனிப்பதும் என் வேலை. எந்த பிரிண்டர் என்பதைவிட, தாள் வெளியே வந்ததா இல்லையா என்பது சிஸ்டத்துக்குத் தெரிகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

நான் சேர்ந்தபோது ட்வினாக்ஸ் என்ற ஐபிஎம் கேபிளில் மாட்டும் பிரிண்டர்கள் சில மிச்சமிருந்தன. ஒரே கேபிளில் வரிசையாக 7 கருவிகள் வரை மாட்டலாம். சிஸ்டம் பேசும் மொழியே அவற்றுக்கும் தெரியும் என்பதால் பேப்பர் தீர்ந்தால் உடனே செய்தி வரும், பேப்பர் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சத்தம் அதிகம், வேகம் குறைவு. ஆனாலும் அந்த நம்பகத்தன்மைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் எனக்கு அளவுகோல்.

அப்புறம் நெட்வொர்க் லேசர் பிரிண்டர்கள் வந்தன. ஏஎஸ்/400 எழுத்துகளை எபிசிடிக் என்ற ஐபிஎம் குறியீட்டு முறையில் வைத்திருக்கிறது. லேசர் பிரிண்டருக்குப் புரிவது ஆஸ்கி என்ற பொதுவான எழுத்துக் குறியீடும் பிசிஎல் என்ற பிரிண்டர் மொழியும். நடுவில் மொழிபெயர்க்கும் வேலையை ஹோஸ்ட் பிரிண்ட் டிரான்ஸ்ஃபார்ம் செய்கிறது. நான் முதலில் எடுத்தது சுலபமான வழி, ரிமோட் அவுட்கியூ, அதாவது அச்சு வேலைகளை நெட்வொர்க் வழியாக பிரிண்டருக்குத் தள்ளிவிடும் வரிசை. பிரிண்டரின் ஐபி முகவரி, பிரிண்டர் பக்கத்து கியூ பெயர், மாடல் இடத்தில் எச்பி4, அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்ம் என்ற இடத்தில் 'யெஸ்' போட மறந்ததால் முதல் நாள் பக்கம் பக்கமாகப் புரியாத குறிகள் கொட்டின. அதைத் திருத்தியதும் அழகாக வந்தது. பத்து நிமிட வேலை.

பிரச்சினை சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வரிசையிலிருந்து அனுப்பும் புரோகிராமான ரிமோட் ரைட்டர், எல்பிடி என்ற நெட்வொர்க் அச்சு முறை வழியாக, போர்ட் 515-க்கு, ஸ்பூல் ஃபைலை (அச்சுக்குக் காத்திருக்கும் ஃபைலை) மொத்தமாக அனுப்பிவிடும். மறுமுனை வாங்கிக்கொண்டால் அதன் வேலை முடிந்தது. ஒரு நாள் இரவு, 40 பக்க டெலிவரி நோட்டில் 23-ஆம் பக்கத்தில் பேப்பர் சிக்கியது. சிக்கிய தாளை எடுத்த ஊழியர் பிரிண்டரை அணைத்துவிட்டுப் போட்டார். மிச்சப் பக்கங்கள் வரவில்லை. அவுட்கியூவைத் திறந்து பார்த்தேன், காலி. ஃபைல் அனுப்பப்பட்டு அழிந்தும் விட்டது. புரோகிராமை மறுபடி ஓட்டி, 40 பக்கத்தையும் மறுபடி அச்சடித்தோம். ரிமோட் ரைட்டரில் '23-லிருந்து தொடங்கு' என்று சொல்ல வழியில்லை. வெளியே வண்டி காத்துக்கொண்டு நின்றது. மறுநாள் காலையில் முதல் வேலையாக முக்கியமான பிரிண்டர் ஃபைல்கள் (அச்சு அமைப்புகள் இருக்கும் ஃபைல்கள்) எல்லாவற்றிலும் 'சேவ்' என்பதை 'யெஸ்' ஆக்கினேன். அச்சான பிறகும் ஸ்பூல் ஃபைல் கியூவில் இருக்கும். பழையதை வாரம் ஒருமுறை நாமே அழித்துக்கொள்ளலாம்.

அதன்பின் டெலிவரி நோட் பிரிண்டர்களை லேன் கருவியாக, அதாவது சிஸ்டம் நேரடியாகப் பேசும் நெட்வொர்க் பிரிண்டராக, மாற்றினேன். கருவி வகை 3812, மாடல் 1, போர்ட் 9100, டிரைவர் பிஜேஎல் (பிரிண்டர் தன் நிலையைத் திரும்பச் சொல்லும் மொழி). 3812 என்பது பழைய ஐபிஎம் பிரிண்டரின் எண். நம்மிடம் இருப்பது வேறு பிரிண்டராக இருந்தாலும் இங்கே அதைத்தான் கொடுக்க வேண்டும். இந்த முறையில் பிரிண்டர் திரும்பப் பேசும். பேப்பர் தீர்ந்தது, மூடி திறந்திருக்கிறது என்ற செய்தி ஆபரேட்டர் திரைக்கே வருகிறது. பக்க எண் கொடுத்து நடுவிலிருந்தும் தொடங்கலாம்.

ஆனால் பிஜேஎல்லைச் சரியாகப் பேசாத பிரிண்டர் மாட்டினால் தொல்லை. எங்களிடம் வந்த ஒன்று பதிலே சொல்லாது. பதில் வராததால் அச்சாகவில்லை என்று நினைத்து ரைட்டர் அதே ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. காலையில் ஆபீசுக்கு வந்தபோது ட்ரே காலி, தரையெல்லாம் ஒரே ரிப்போர்ட். டிரைவரை எஸ்என்எம்பி என்ற, நெட்வொர்க் கருவியின் நிலையைக் கேட்டறியும் வேறொரு முறைக்கு மாற்றியதும் நின்றது.

இன்னொன்று, இன்ஆக்டிவிட்டி டைமர். வேலை இல்லாதபோது ரைட்டர் எவ்வளவு நேரம் பிரிண்டரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பது இதில்தான். பிசிக்காரர்களும் அதே பிரிண்டரைப் பயன்படுத்தினால் 15 விநாடி போதும். வரம்பே இல்லாமல் விட்டால் அவர்களுக்கு பிரிண்டர் கிடைக்கவே கிடைக்காது.

அகலமான ரிப்போர்ட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய புரோகிராம்கள் 132 எழுத்து அகலம், 66 வரி என்றே எழுதப்பட்டவை. அங்குலத்துக்கு 10 எழுத்து என்றால் 13.2 அங்குலம், ஏ4 தாளை நீளவாக்கில் திருப்பினாலும் 11.7 அங்குலம்தான். பேஜ் ரொட்டேஷனை ஆட்டோவில் விட்டால் சிஸ்டமே பக்கத்தைத் திருப்பி எழுத்தைச் சிறிதாக்கிப் பொருத்துகிறது. பெரும்பாலும் நன்றாகவே வருகிறது. தாள் அளவு ஏ4 என்று குறிப்பிடாமல் விட்டால் மட்டும் பிரிண்டர் அமெரிக்க லெட்டர் சைஸ் தாளைக் கேட்டு நின்றுவிடும்.

ஃபார்ம் டைப் (எந்த வகைத் தாள் என்ற குறிப்பு) மாறினாலும் ரைட்டர் நின்று, சிபிஏ3394 என்ற செய்தியில் 'இந்த ஃபார்மைப் போடு' என்று கேட்கும். ஜி என்று பதில் கொடுத்தால் நகரும். இரவு ஷிஃப்டில் இது தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். தெரியாதவர்கள் பிரிண்டர் கெட்டுவிட்டது என்று போன் செய்கிறார்கள்.

இப்போது நிலவரம் இது: டெலிவரி நோட், இன்வாய்ஸ் எல்லாம் லேன் கருவிகளில். உள்ளுக்குள் பார்க்கும் ரிப்போர்ட்டுகளுக்கு ரிமோட் அவுட்கியூவே போதும், அதில் எனக்குக் குறை இல்லை. எல்லா பிரிண்டருக்கும் நிலையான ஐபி முகவரி. கார்பன் காப்பி வேண்டிய இடத்தில் டாட் மேட்ரிக்ஸ் இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் டிரைவரை மட்டுமே நம்பும் மலிவு பிரிண்டர்களுக்கு பிசிஎல் தெரியாது, அதனால் அவற்றைத் தொடுவதில்லை.

புது பிரிண்டர் வந்தால் 132 எழுத்து அகலத்தில் பெரிய ரிப்போர்ட் ஒன்றை அனுப்பிவிட்டு, பாதியில் ட்ரேயை வெளியே இழுப்பேன். என் திரையில் செய்தி வந்தால்தான் அது கிடங்குக்குப் போகும்.