சேலைக்கு ஐந்து நட்சத்திரம், இணையதளத்துக்கு இரண்டு

எனக்குப் பார்வை குறைவு. போனை முகத்தருகே பிடித்தால் பெரிய எழுத்து தெரியும், மற்றதைத் திரையில் இருப்பதை வாசிக்கும் டாக்பேக் என்ற போன் வசதி சொல்லும். தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறாமல் கண்டாங்கிச் சேலை வாங்கலாம் என்று, நாங்கள் வழக்கமாக எடுக்கும் காரைக்குடிக் கடையின் இணையதளத்தைப் போனில் திறந்தேன்.

சேலையில் ஒரு குறையும் இல்லை. அரக்குக் கட்டம், மஞ்சளில் அகலக் கரை, கையில் எடுத்தாலே நல்ல நூல் என்று தெரிகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நெசவு இது, அந்தப் பெயருக்கு ஏற்ற சரக்குதான் வந்தது.

அதை வாங்கிய பாடுதான் பெரிது. ஒவ்வொரு சேலையிலும் விரலை வைத்தால் "படம்" என்று சொல்லி ஏதோ ஓர் எண்ணை டாக்பேக் வாசிக்கிறது. என்ன நிறம், கட்டமா கோடா, ரவிக்கைத் துணி உண்டா, எதுவும் இல்லை. இதே கடைக்கு நேரில் போனால் சேலையைப் பிரித்துப் போட்டு, "அரக்குல கட்டம்க்கா, மஞ்சக் கரை, ரெண்டு தண்ணி பார்த்தா பதமாயிரும்" என்பார்கள். அந்த ஒரு வரியைப் படத்தோடு, டாக்பேக் வாசிக்கும் மாற்று உரையாக எழுதிவைத்தால் போதும், என்னைப் போன்றவர்களுக்கு முழுக்கடையும் திறந்துவிடும். நெட்வொர்க் மெதுவாகிப் படம் வராமல் நிற்கும்போது கண் நன்றாகத் தெரிபவர்களுக்கும் அதுதான் உதவும்.

விலை, சந்தன நிறத்தின் மேல் வெளிர் சாம்பல் எழுத்தில் இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 ஒளி வேறுபாடு வேண்டும் என்பது, இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்த முடியவேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி என்ற உலகத் தரவிதி. இங்கே அதில் பாதியாவது இருக்குமா என்பதே சந்தேகம். சரி, விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்றால் அதையும் பூட்டி வைத்திருக்கிறார்கள். இதை நீக்குவது ஒரு வரி வேலை, தயவுசெய்து உடனே செய்யுங்கள்.

விருப்பப் பட்டியல் பட்டனும் கார்ட் பட்டனும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, இரண்டையும் டாக்பேக் வெறும் "பட்டன்" என்றே சொல்கிறது. அதே தரவிதியின் 2023-ல் வந்த 2.2 பதிப்பு, பட்டன் 24-க்கு 24 பிக்சலாவது இருக்க வேண்டும், அல்லது சுற்றிலும் அதற்கு ஈடான இடைவெளி வேண்டும் என்கிறது. சின்னத் திரையில் கை நடுங்கும் பெரியவர்களுக்கு அதுவே போதாது என்பேன்.

முகவரிப் பக்கம் பரவாயில்லை. பின்கோடுக்கு எண் விசைப்பலகை தானே வந்தது, கட்டங்களின் பெயர்களும் சரியாக வாசிக்கப்பட்டன. அப்புறம் பணம் கட்டுவதிலும் சிக்கல் இல்லை. இந்தப் பக்கத்தைச் செய்தவரிடமே மற்றதையும் கொடுத்திருக்கலாம்.

பார்வை குறைந்தவர்கள் இப்போதைக்குக் கடைக்கு போன் செய்து கேட்டு வாங்குங்கள். பொறுமையாக நிறம் நிறமாகச் சொல்கிறார்கள், பார்சலும் நன்றாகக் கட்டி அனுப்புகிறார்கள்.