ஃபோட்டோ மெக்கானிக்: வேகத்தில் குறையில்லை, தமிழ் கேப்ஷனில்தான் கவனம் வேண்டும்

விக்கெட் விழுந்த ஐந்து நிமிடத்தில் படம் பத்திரிகையின் டெஸ்க்குக்குப் போக வேண்டும். கார்டிலோ 400 படங்கள். அதில் மூன்றைப் பொறுக்கி, கேப்ஷன் எழுதி, அனுப்பி முடிப்பதற்கென்றே அமெரிக்காவின் கேமரா பிட்ஸ் நிறுவனம் 1998-ல் கொண்டுவந்த மென்பொருள் ஃபோட்டோ மெக்கானிக். படத்தின் நிறத்தைத் திருத்துவது இதன் வேலையல்ல. அதை எதிர்பார்த்து வாங்குபவர் முதல் நாளே ஏமாந்துபோவார்.

வேகத்துக்குக் காரணம் எளிது. ராவ் என்னும் பதப்படுத்தாத மூலக் கோப்புக்குள் கேமராவே ஒரு ஜேபெக் படத்தைப் பதித்து வைக்கிறது. மற்ற பல மென்பொருள்கள் ராவை முழுதாகப் பிரித்துப் படமாக்கும்போது, இது அந்தப் பதித்த ஜேபெக்கை மட்டும் எடுத்துக் காட்டுகிறது. அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனால் படங்கள் தடையின்றி ஓடும். பிடித்ததில் 'டி' விசையை அழுத்தி டேக் செய்துவிட்டு, டேக் செய்தவற்றை மட்டும் தனியே பார்க்கலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு. பல சோனி மாடல்களின் ராவுக்குள் இருப்பது 1616×1080 அளவுப் படம்தான். அதைப் பெரிதாக்கி ஃபோகஸ் பார்த்தால் நல்ல படமும் மங்கலாகவே தெரியும். ராவுடன் ஜேபெக்கையும் சேர்த்துப் பதிவு செய்தால் இந்தக் குழப்பம் இல்லை.

கார்டை இறக்கும்போதே இரண்டாவது சேமிப்பிடம் கொடுக்கும் வசதி உண்டு. ஒன்று லேப்டாப்புக்கு, இன்னொன்று வெளி டிஸ்க்குக்கு. இரண்டாவதைத் தொடாமல் அப்படியே வையுங்கள். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போன்ற போட்டிகள் கேமராவில் பதிவான மூலக் கோப்பைக் கேட்கும். 2015-ல் அதன் இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் சுமார் 20 சதவீதம், மூலத்தோடு ஒப்பிட்டபோது திருத்தம் எல்லை மீறியதாகக் கண்டு நீக்கப்பட்டன. வேண்டாத ஃபிரேம்களைக் கார்டிலேயே அழிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுவது நல்லது.

காசு கொடுத்து வாங்குவதற்கு உண்மையான காரணம் 'கோட் ரீப்ளேஸ்மென்ட்'. ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் முதலில் ஒரு குறி, பிறகு டேப், பிறகு பெயர். கேப்ஷனில் \193\ என்று அடித்ததும் 'இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜஸ்பிரித் பும்ரா' என்று விரியும். பும்ராவின் ஜெர்ஸி எண் 93. முன்னால் உள்ள 1 இந்திய அணிக்கு. எதிரணிக்கு 2. இப்படி எண்ணிலேயே குறியை வைத்துக்கொண்டால் கீபோர்டைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றி மாற்றித் தவிக்க வேண்டியதில்லை. பெயருக்குப் பின் இன்னொரு டேப் போட்டு 'பும்ரா' என்று மட்டும் சேர்த்தால், \193#2\ என்று அதையும் வரவழைக்கலாம்.

ஆங்கில டெஸ்க்குக்கு இது போதும். நமக்கோ வேற்றுமை உருபு குறுக்கே வரும். 'பும்ரா'வுக்குப் பின் 'வை' அடித்தால் சரியாக ஒட்டிக்கொள்ளும். 'சிராஜ்' என்று புள்ளியில் முடியும் பெயரில் அது நடக்காது. 'சிராஜ்ஐ' என்றுதான் விழும். அதனால் மூன்றாவது பெயராக 'சிராஜை', நான்காவதாக 'சிராஜின்' என்று கோப்பிலேயே சேர்த்துவிடுவதுதான் வழி. அப்புறம் \173#3\ப் பாராட்டும் \193#2\ என்று அடித்தால் 'சிராஜைப் பாராட்டும் பும்ரா' வந்துவிடும். நடுவில் வரும் 'ப்' என்ற ஒற்றெழுத்தை மறக்காமல் நாமே போட வேண்டும்! ஆட்டத்துக்கு முந்தைய நாள் இதற்காக அரைமணி நேரம் ஒதுக்கினால் மறுநாள் முழுக்கப் பலன்.

குறி விரியவில்லை என்றால் முதலில் டேப்பைப் பாருங்கள். சில எடிட்டர்கள் டேப்பை நான்கு இடைவெளியாக மாற்றிவிடும். பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால், கோப்பு தமிழ் எழுத்தைத் தாங்காத ஆன்சி முறையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். தமிழையும் ஏற்கும் யூடிஎஃப்-8 முறையில் மறுபடி சேமிக்க வேண்டும், ஆனால் ஏற்கெனவே கேள்விக்குறியானவை திரும்பி வராது, புதிதாக அடிக்க வேண்டும்.

இதைவிட மோசமான ஒரு பொறி இருக்கிறது. கேப்ஷன், ஊர், பெயர் போன்ற தகவலைப் படத்துக்குள் எழுத இரண்டு முறைகள்: செய்திப் படங்களுக்கான ஐபிடிசி தரத்தின் பழைய முறை ஒன்று, எக்ஸ்எம்பி என்ற புதிய முறை ஒன்று. பழைய முறையில் ஊர்ப்பெயருக்கும் படமெடுத்தவர் பெயருக்கும் தலா 32 பைட், கேப்ஷனுக்கு 2000 பைட் என்பது வரம்பு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூடிஎஃப்-8-ல் தமிழுக்கு, மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் உட்பட, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'மதுரை' 15 பைட்டில் அடங்கும், 'தஞ்சாவூர்' 27-ல் தப்பித்துவிடும். 'திருவண்ணாமலை' 36. வரம்பைக் கறாராகப் பிடிக்கும் பழைய ஆர்க்கைவில் அது 'திருவண்ணாம' என்று அறுந்து, பின்னால் ஒரு கட்டமும் தொங்கும். ஊர், பெயர் இரண்டையும் ஆங்கிலத்தில் வைத்து, கேப்ஷனை மட்டும் தமிழில் எழுதுவது பாதுகாப்பு. அமைப்புகளில் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அலுவலக சர்வருக்குக் கோப்பை நேரடியாக ஏற்றும் எஃப்டிபி முறையில் அனுப்பும் வசதி உள்ளேயே இருக்கிறது. அனுப்பும்போதே அளவைக் குறைக்கலாம், பெயர் மாற்றலாம். எஃப்டிபி இல்லாத அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்தான் கதி என்றால், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஃபோட்டோவாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, இவ்வளவு பாடுபட்டு எழுதிய கேப்ஷனும் துடைக்கப்பட்டுவிடும்.

வீடியோவும் ஒலியும் சேர்த்துக் கதை சொல்பவர்களுக்கு, படமெடுத்த நேரத்தை மொத்தமாகத் திருத்தும் கருவி கைகொடுக்கும். இரண்டு கேமராக்களின் கடிகாரம் 40 விநாடி விலகியிருந்தாலும் படங்களை வரிசையில் நிறுத்திவிடலாம். கேமராவில் பேசிப் பதிவுசெய்த குரல் குறிப்பைப் படத்தோடு சேர்த்துக் கேட்கவும் முடியும். இதைத் தாண்டி வீடியோவுக்கு இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

முன்பு 139 டாலர் ஒருமுறை கொடுத்தால் போதும் என்றிருந்தது. 2024-ல் சந்தா முறை வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. தினமும் ஆயிரம் ஃபிரேம் எடுக்கும் விளையாட்டு, அரசியல் கூட்டப் படக்காரர்களுக்கு இன்னும் கட்டுப்படியாகும். வாரத்துக்கு ஒரு ஃபீச்சர், ஐம்பது படம் என்பவர்கள் இலவசமாகக் கிடைக்கும் டிஜிகாம் மென்பொருளிலேயே கேப்ஷன் எழுதிக்கொள்ளலாம்.