ஜாக் மேலே போனது, கார் போகவில்லை: டிங்கரிங் வேலையில் நான் ஏமாந்த கதை

டிசம்பர் மழை விட்டிருந்த ஒரு காலை, பின் டயரை மாற்றுவதற்காக மொரிஸ் மைனருக்கு ஜாக் வைத்தேன். கார் எழும்பவில்லை. ஜாக் மட்டும் எழும்பிக் காருக்குள் போனது. அடியில் அடித்திருந்த கறுப்புப் பூச்சு பப்படம் மாதிரி உடைந்து, கறள் தூளும், பள்ளத்தை அடைக்கப் பூசுகிற பட்டி ஒரு கைப்பிடியும் தரையில் கொட்டின. நான்கு மாதத்துக்கு முன் ரூபா 185,000 கொடுத்துச் செய்வித்த இடம் அது.

கார் அப்பாவுடையது. 1964 மொடல், 1098 சிசி என்ஜின், நான்கு கதவு. திருகோணமலை உப்புவெளியில் கடல் சத்தம் கேட்கிற தூரத்தில், வேப்பமரத்தடியில் பல வருடம் சும்மா நின்றது. ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று இந்தக் காரை விடுமா? 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் ஓடாத பழைய கார்களுக்கும் விலை வந்தது. கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க மனமில்லை. வீட்டிலேயே வைத்துத் திருத்துவோம் என்று இறங்கினேன்.

என்ஜின் வேலை எனக்கு ஓரளவு வரும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு இரண்டு தடவை போய்ச் சாமான் வாங்கி, கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிரேக் சிலிண்டர்களைப் புதிதாகப் போட்டேன். டைனமோவுக்குப் பதிலாக ஒல்டர்னேட்டரும் போட்டேன். இந்தக் காரில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு, அதாவது காரின் உடலோடு, இணைந்திருக்கும். அதை நெகட்டிவுக்கு மாற்றாமல் ஒல்டர்னேட்டரைப் பூட்டினால் புகைதான் மிச்சம். அவ்வளவு கவனமாக இருந்தவன் தகட்டு வேலையில் கோட்டை விட்டேன். வெல்டிங் எனக்கு வராது, அதனால் ஆளைத் தேடினேன்.

வந்தவர் வீடு வீடாகப் போய்த் தகட்டு வேலை செய்கிற டிங்கரிங் பாஸ். பேச்சு தேன். "பயப்பிடாதீங்க அண்ணன், தகடு எல்லாம் வெட்டிப் புதுசாப் போட்டுத் தாறன், நம்ம பேரப்பிள்ளை வரைக்கும் ஓடும்" என்றார். ரூபா 100,000 முற்பணம். ரசீது கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கும் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கிறேன்.

மொரிஸ் மைனருக்குத் தனியாகச் சேசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. பொடியே சேசி. கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளத்துக்கு ஓடும் பெட்டித் தகடும், தரைக்கு அடியில் குறுக்கே போகும் தகடும்தான் காரைத் தாங்குகின்றன. முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் பின்னால் வந்து பிடித்திருப்பது அந்தக் குறுக்குத் தகட்டில்தான். ஜாக் வைக்கும் இடமும் அதன் இரண்டு முனைகளில். பின் ஸ்பிரிங் தொங்குகிற இடமும் அப்படித்தான்: வெளியே பெயின்ட் பளபளத்தாலும் உள்ளே கறள் பிடித்தால் கதை முடிந்தது.

பெட்டித் தகட்டை வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வெல்ட் பண்ணி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பொடி நடுவில் தொய்ந்து கதவு பூட்டாது. அவர் அப்படி எந்தக் கம்பியும் வைக்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தொய்யவில்லையே, கெட்டிக்காரர்தான் என்று நினைத்தேன். தொய்யாததற்குக் காரணம், அவர் எதையுமே வெட்டவில்லை!

நான் கந்தோருக்குப் போகிற நேரத்தில் வேலை நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அடிப்பக்கம் முழுக்கத் தார் மாதிரிக் கறுப்புப் பூச்சு. "கறள் பிடிக்காம அடிச்சு விட்டேன் அண்ணன், இதுக்குக் காசு வேணாம்" என்றார். நான் நன்றி சொல்லி, மிச்சக் காசையும் கொடுத்து, பிளேன்டீயும் கொடுத்து அனுப்பினேன்.

ஜாக் உள்ளே போன அன்று பக்கத்து வீட்டு ஐயாவைக் கூப்பிட்டேன். துறைமுகத்தில் வெல்டராக இருந்தவர். பாயை விரித்துக் காருக்குக் கீழே படுத்து, சுரண்டியால் பத்து நிமிடம் சுரண்டினார். பழைய கறள் தகடு அப்படியே இருந்தது. அதன் மேல் கூரைத் தகரத்தை வெட்டி வைத்து, ரிவெட் அடித்து, ஓரத்தில் பட்டி பூசி, மேலே கறுப்பு. ஒரு பக்கத்தில் மொத்தமே ஐந்து வெல்டிங் பொட்டு. பட்டி ஈரத்தை உறிஞ்சும், கறுப்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடாது, அதனால் கறள் முன்பைவிட வேகமாகத் தின்றிருக்கிறது என்று ஐயா சொன்னார். அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கன்னியா வரை போய் வந்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

எரிச்சல் என்னவென்றால், இந்தக் காருக்குத் தகடு கிடைக்காது என்ற சாக்குக்கே இடமில்லை. மொரிஸ் மைனருக்கு இலங்கையிலேயே தகடு செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது.

பாஸுக்கு அழைப்பு எடுத்தேன். முதலில் "உப்புக்காத்து அண்ணன், நான் என்ன செய்ய" என்றார். பிறகு எடுக்கவே இல்லை. பொலிஸில் எழுதிவிட்டு மத்தியஸ்த சபைக்குப் போனேன். ரசீது இல்லை. ஆனால் "தகடு எல்லாம் புதுசு" என்று அவர் அனுப்பியிருந்த குரல் பதிவு போனில் இருந்தது. அதுதான் என்னைக் காப்பாற்றியது. ரூபா 60,000 திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார். இதுவரை வந்தது 40,000.

இப்போது ஐயாதான் வேலை செய்கிறார், நான் எடுபிடி. கறளை நல்ல இரும்பு தெரிகிற வரை வெட்டி எடுக்கிறோம். ஒவ்வொரு வெல்டிங் கோட்டையும் பூச்சு அடிக்குமுன் படம் பிடித்து வைக்கிறேன். கதவு வாசலில் கம்பி நிற்பதால் காருக்குள் ஏறவும் முடியாது.

போன கிழமை நிலாவெளிப் பக்கம் போனபோது, பழைய ஒஸ்டின் ஒன்று கட்டையில் நிற்கிற வீட்டு வாசலில் அந்த பாஸின் மோட்டார் சைக்கிளைக் கண்டேன். உள்ளே போய்ச் சொல்லலாமா என்று யோசித்து, வீட்டில் ஆளில்லாததால் திரும்பி வந்துவிட்டேன். அந்த வீட்டுக்காரர் இதைப் படித்தால்: ஐயா, கறுப்புப் பூச்சு அடிக்க முன் ஒரு தடவை கீழே படுத்துப் பாருங்கள். அடித்துவிட்டார் என்றால் மிச்சக் காசைக் கொடுக்காமல் சுரண்டியை எடுங்கள்.