பழைய பொலேரோவுக்கு 215-ஆ, 235-ஆ?

நாகர்கோவிலில் டயர் மாற்றப் போனபோது கடைக்காரர் சொன்னார்: "அண்ணாச்சி, அந்த 215 எதுக்கு? 235 போடுங்க, வண்டி நிக்கிற நிப்பே வேற." நிப்பு வேறதான், பொய்யில்லை. மற்றதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கம்பெனி கொடுத்தது 215/75 R15. அதாவது அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம். மொத்த விட்டம் 703.5 மி.மீ. வரும். 235/75 R15-க்கு 733.5. வித்தியாசம் 30; வண்டி உயர்வது அதில் பாதிதான். 15 மி.மீ., சுண்டுவிரல் அகலம்.

அதை லேசாகவும் நினைக்க முடியாது. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து வழியில் மழை அரித்த தடத்துக்கு நடுவே கல் துருத்தி நிற்கும். முதலில் அடி வாங்குவது பின் ஆக்சில் நடுவில் தொங்கும் உருண்டை. ஸ்பிரிங் பட்டை கூட்டினால் பாடி உயரும், உருண்டை அதே இடத்தில்தான் இருக்கும். அதைத் தூக்கப் பெரிய டயர்தான் வேண்டும். இங்கே 235 ஜெயிக்கிறது.

மார்த்தாண்டம் நெரிசலில் கதை வேறு. சுற்றளவு 4 சதவீதம் கூடுவதால் இழுவை குறையும். பழைய என்ஜின் ஏற்றத்தில் ஒரு கியர் கீழே கேட்கும். மீட்டர் 60 காட்டும்போது ஓடுவது 62.5. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே உரசவும் கூடும். காசு கொடுக்கும் முன் முன்பக்கம் ஒரு டயரை மாட்டி, இருபுறமும் ஒடித்து, மண் படிந்த உள்தகட்டில் புதுக் கீறல் விழுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். அது தொங்குவது பின்கதவில். என் வண்டியில் கீல் தளர்ந்து, இப்போதே கதவைத் தூக்கித்தான் சாத்துகிறேன்; இன்னும் கனமான சக்கரத்தை அது தாங்காது.

நடுவில் 225/75 R15 இருக்கிறதே என்பார்கள். அதில் வண்டி உயர்வது ஏழரை மி.மீ. பெயருக்கு ஒரு பலன், அவ்வளவுதான்.

அப்புறம் மழை. இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. தார் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும், ஒடுங்கியது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். செம்மண் சகதியில் நான் வழுக்கியதெல்லாம் அகலம் போதாமல் இல்லை, டயரின் பட்டன், அதாவது தரையைக் கவ்வும் ரப்பர் கட்டைகள், தேய்ந்துபோனதால்தான். தினமும் தோட்டத்துக்குள் போய் ரப்பர் ஷீட் ஏற்றி வருகிறவர் 235 போடட்டும். எனக்கு மாதம் இரண்டு தடவைதான் அந்த வழி. 215-லேயே பெரிய பட்டன் உள்ள ஆல் டெரெயின் டயர் போதும்.

எந்த அளவானாலும் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். டயர் எப்போது செய்தது என்பது அதில் இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருடம். கடைக்காரர் எனக்காக எடுத்து வைத்திருந்த 235-இல் இருந்தது 1420; 2020-இல் செய்த பழைய சரக்கு. நிப்பைப் பற்றி அவ்வளவு பேசியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.