வண்டி மின்சாரத்தில் முகாம் சமையல்: எதை ஏற்றலாம், எதை வீட்டிலேயே விடலாம்

மின்சாரக் காரின் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் மின்சாரத்தை வெளியே எடுத்துப் பயன்படுத்தும் ‘வி-டு-எல்’ வசதி இப்போது பல வண்டிகளில் வருகிறது. ஹூண்டாய் ஐயோனிக் 5 காரில் 3.6 கிலோவாட் வரையிலும், 2023 செப்டம்பரில் புதுப்பித்து வெளியிடப்பட்ட டாடா நெக்ஸான் மின்காரில் 3.3 கே.வி.ஏ. (ஏறத்தாழ அதே அளவு கிலோவாட்) வரையிலும் எடுக்கலாம். வீட்டில் கீசருக்கு வைத்திருக்கும் 16 ஆம்பியர் பிளக் தரும் அளவுக்கு இது ஏறத்தாழ நிகர். எனவே, கூடாரம் அடித்துத் தங்குபவர் வண்டி தாங்குமா என்று கவலைப்படுவதைவிட, எந்தக் கருவியை ஏற்றிச் செல்வது என்று யோசிப்பதே பயனுள்ளது. உதகை, கொடைக்கானல் பக்கம் அனுமதியுள்ள முகாம்களில் சமைத்துப் பார்த்த அளவில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

பெட்ரோல், டீசல் வண்டிக்காரர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட் கெட்டில்களை வாங்க வேண்டாம். அந்தத் துளையின் பியூஸ் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர்தான். அதாவது 120 முதல் 180 வாட் வரைதான் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 100 வாட்-மணி தேவைப்படுவதால், தேநீர் குடிக்கும் ஆசை தீர முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். 40 ஆம்பியர்-மணி பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 480 வாட்-மணிதான் என்பதையும், அதில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவது சந்தேகம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இவர்களுக்குச் சிறிய கேஸ் அடுப்பே நல்லது.

மின்கார் வைத்திருப்பவர் ஒரே ஒரு கருவியைத்தான் எடுத்துச் செல்ல முடியும் என்றால், அது இண்டக்‌ஷன் அடுப்பாக இருக்கட்டும். மலைக்காற்றில் கேஸ் அடுப்பின் சுடர் அலைபாயும் இடத்தில், இதில் வெப்பம் பாத்திரத்தின் அடியிலேயே உருவாவதால் காற்றுக்குப் பெரிதாக வீணாவதில்லை. கோடைக்காலத்தில் காய்ந்த புல்வெளி அருகே திறந்த நெருப்பு இல்லாமல் சமைப்பதன் அருமையை, 2018 குரங்கணிக் காட்டுத்தீயை மறக்காதவர்களிடம் விளக்கத் தேவையில்லை. 2000 வாட் அடுப்பைத் தேட வேண்டாம். 1200 முதல் 1400 வாட் வரையிலானது நான்கு பேருக்குப் போதும். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று: குறைந்த அளவில் வைத்தால் பல அடுப்புகள் மின்சாரத்தைச் சீராகக் குறைப்பதில்லை, முழு வேகத்தில் எரிந்து எரிந்து அணைகின்றன. வண்டியின் இன்வெர்ட்டர் இதைப் பொறுத்துக்கொள்ளும்; ஆனால் பாலும் ரவையும் அடிப்பிடிக்கும்.

அடுப்பின் விசிறி அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுப்பதால், அதை நேராகப் புல்மீதோ ஜமுக்காளத்தின்மீதோ வைத்தால் காற்றுவழி அடைபட்டு, சூடேறித் தானாக நின்றுவிடும். அடியில் ஒரு மரப்பலகை வேண்டும். தோசைக்கல் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரும்புக் கல் இண்டக்‌ஷனில் சூடேறும். ஆனால் உள்ளே இருக்கும் சுருள் சிறியதாகையால் நடுவில் கருகியும் ஓரத்தில் வெளுத்தும் தோசை வரும். ஊத்தப்பம் அளவுக்குச் சிறிதாக ஊற்றிக்கொண்டால் தப்பிக்கலாம்.

அந்த அடுப்புக்குத் துணையாக, அடிப்பகுதி இண்டக்‌ஷனுக்கு ஏற்ற மூன்று லிட்டர் குக்கர் இருந்தால் மலையில் வேறெதுவும் வேண்டியதில்லை. உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் சரியாக மசிவதில்லை. குக்கரின் வெயிட்டோ உள்ளே அழுத்தத்தைக் கூட்டி வெப்பத்தை 115 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறது. மின்சார ரைஸ் குக்கர் தோற்பதும் இந்த இடத்தில்தான். தண்ணீர் வற்றி, தட்டின் வெப்பம் கொதிநிலையைத் தாண்டியவுடன் அதன் சுவிட்ச் விழுந்துவிடும். அரிசி வெந்ததா என்பது அதற்குத் தெரியாது. மகாபலிபுரம் பக்கம் கடற்கரையில் தங்குவதென்றால் 700 வாட் ரைஸ் குக்கர் வசதியானது, கவனிக்க ஆள் வேண்டாம். மலைக்கு அதைக் கொண்டுபோவதானால் அரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, தண்ணீரையும் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும்.

1500 வாட் கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை நான்கைந்து நிமிடங்களில் கொதிக்க வைக்கிறது. வேகத்தில் அதற்கு இணையில்லை. ஆனால் நம் தேநீருக்குப் பால் காய வேண்டும், கெட்டிலில் பாலை ஊற்றினால் பொங்கி வழிவதோடு அடியும் பிடிக்கும். பால் சேர்க்காத கட்டஞ்சாயா குடிப்பவர்களும் குழந்தைக்கு வெந்நீர் வேண்டுபவர்களும் வாங்கலாம். வாய் அகன்ற, 600 வாட் அளவிலான மல்டி கெட்டில் ஒருவர் அல்லது இருவர் தங்கும்போது நூடுல்ஸ், முட்டை, பால் மூன்றுக்கும் உதவுகிறது. நான்கு பேருக்கு அது விளையாட்டுச் சாமான்.

மிக்சி வேண்டவே வேண்டாம். இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் எதற்கு இருக்கின்றன? சாண்ட்விச் மேக்கர் பரவாயில்லை. கம்பிச்சுருள் சூடேறிச் சமைக்கும் ‘காயில்’ அடுப்பு இண்டக்‌ஷனைவிட அதிக மின்சாரம் குடிப்பதோடு, அணைத்த பிறகும் வெகுநேரம் சுடுவதால் குழந்தைகள் உள்ள இடத்துக்கு ஆகாது.

நான்கு பேருக்கு ஒரு நாள் சமையல் ஒன்றரை யூனிட்டுக்குள் அடங்கும். வண்டி ஓட்டத்தில் அது பத்துக் கிலோமீட்டர் தூரம். மலையிறங்கும்போது வண்டியின் வேகத்தைக் குறைத்து அந்த ஆற்றலை மின்சாரமாகப் பேட்டரிக்குத் திருப்பும் ‘ரீஜென்’ வழியாகவே அதில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம் என்பதால் இதை ஒரு செலவாகவே நான் எண்ணுவதில்லை. பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் எக்ஸ்டென்ஷன் கம்பிதான்: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் உள்ளதை வாங்கி, சுருளாக விடாமல் முழுதும் பிரித்துப் போட வேண்டும், ஏனெனில் சுற்றிய நிலையில் கம்பி சூடேறி உறை உருகலாம். வீட்டில் இருப்பதுபோல் மண்ணில் புதைத்த எர்த் வண்டிக்குக் கிடையாது. ஆகவே உறை கிழிந்த பழைய கருவிகளையும் ஈரக் கையையும் அதன் அருகே விடக்கூடாது. பனி இறங்கத் தொடங்கும்முன் சாக்கெட்டைத் தரையிலிருந்து தூக்கி வைத்துவிட வேண்டும். ஒரே காரின் எல்லா வகைகளிலும் வி-டு-எல் வருவதில்லை, அதற்கான அடாப்டரைப் பல வண்டிகளுக்குத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். அடுப்பு வாங்கப் போகும்முன் ஷோரூமில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.