ஃபிளேவர் இல்லாத கிரியேட்டின், 250 கிராம் டப்பா

கிரியேட்டின் என்பது ஜிம்முக்குப் போகிறவர்கள் தசை பலத்துக்காகத் தண்ணீரில் கலந்து குடிக்கும் பவுடர். சாக்லேட், மாம்பழம் என்று எதுவும் சேர்க்காத டப்பாவாகப் பார்த்து வாங்கினேன். லேபிளில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் (கிரியேட்டினின் வழக்கமான வகை) மட்டும்தான். எனக்கும் அதுதான் வேண்டும். சில்லென்ற தண்ணீரில் சரியாகக் கரையாது. எவ்வளவு கலக்கினாலும் டம்ளர் அடியில் மணல் மாதிரி தங்கி, கடைசி மடக்கில் பல்லில் நறநறக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் தொல்லை இல்லை. ஸ்பூன் பவுடருக்குள் புதைந்து கிடந்தது, கையை விட்டுத் தோண்டினேன். இதையெல்லாம் யார்தான் இப்படி அடைக்கிறார்களோ!

தினம் 5 கிராம் என்றால் 50 நாள் வரும். முதல் வாரம் மட்டும் தினம் 20 கிராம் போடச் சொல்வார்கள். அவசியமில்லை, போடாவிட்டால் தசையில் கிரியேட்டின் நிரம்பக் கூடுதலாகச் சில வாரம் ஆகும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் எடை ஏறினால் அது பெரும்பாலும் தண்ணீர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். அப்புறம், இது புரதம் இல்லை. முட்டை, சுண்டல் செலவு தனி.